ஊசியில் பன்றி இருக்கிறதா?

"ஊசியில பன்னிக் கொழுப்பு கலக்குறாங்களாமே, நெசமா?" கீழக்கரையிலோ தொண்டியிலோ ஓர் உம்மா இப்படிக் கேட்டால், கேட்டவரை அறியாதவர் என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் செய்யமாட்டேன். தன் பிள்ளையின் உடம்புக்குள் எது போகிறது என்று கேட்பது அவர் கடமை. சிக்கல், இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் போய்ச் சேருவதற்குள் வாட்ஸ்அப் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதுதான்.

2017 பிப்ரவரியில் அதைத்தான் பார்த்தோம். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை சுமார் 1.76 கோடி பிள்ளைகளுக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. ஊசி போட்டால் மலட்டுத்தன்மை வரும், உயிர் போகும், வெளிநாட்டுச் சதி என்று குரல் பதிவுகள் பறந்தன. பெற்றோர் தயங்கினார்கள், பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கு நீண்டது. தயங்கியவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். முஸ்லிம்கள் மட்டும்தான் மறுத்தார்கள் என்பதும் அந்த வாட்ஸ்அப் வதந்திகளைப் போன்ற ஒரு வதந்திதான்.

பயத்துக்கு வேரே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட 4 குழந்தைகள் இறந்தன. அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு "பயப்படாதீர்கள்" என்றால் யார் நம்புவார்கள்?

சரி, பன்றிக்கு வருவோம். தட்டம்மை–ரூபெல்லா மருந்து குப்பிக்குள் உலர்ந்த தூளாக இருக்கும். நீர்மத்தைக் கலந்து, திறந்த 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வெப்பத்தில் தூள் கெடாமல் காக்க ஜெலட்டின் சேர்க்கிறார்கள். விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது அது. நம் நாட்டில் போடும் இந்த ஊசியைத் தயாரிக்கும் நிறுவனங்களில் ஒன்று புனேயின் சீரம் நிறுவனம். அதே நிறுவனத்தின் ஊசி இந்தோனேசியாவுக்கும் போனது. அங்கே உலமாக்கள் மன்றம் 2018 ஆகஸ்டில் ஆராய்ந்து ஃபத்வா கொடுத்தது. தயாரிப்பில் பன்றி மூலப்பொருள் பயன்படுகிறது, ஆகவே ஹராம். ஆனால் மாற்று மருந்து இல்லாததாலும் போடாவிட்டால் ஆபத்து என்பதாலும் இப்போதைக்குப் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. தீர்ப்பு இவ்வளவுதான். ஆனால் "ஹராம்" என்ற முதல் பாதி ஊரெல்லாம் ஓடியது, "அனுமதி" என்ற பின்பாதி நின்றுவிட்டது. ஜாவாவுக்கு வெளியே அந்த முகாம் இலக்கை எட்டவில்லை.

இந்தோனேசியக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அவர்களும் ஷாஃபி, கீழக்கரை மரைக்காயர்களும் ஷாஃபி. இது வெறும் தகவல் அல்ல, மத்ஹபுக்கு (சட்டப் பள்ளிக்கு) ஏற்பத் தீர்ப்பின் வழி மாறும். ஒரு பொருள் முற்றிலும் உருமாறிவிட்டால் பழைய அசுத்தம் அதில் இல்லை என்பதை 'இஸ்திஹாலா' என்பார்கள். ஹனஃபி மத்ஹபில் இதற்கு விரிவான இடம் உண்டு. ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள், அவர்களுக்கு இந்த வழியே போதும். 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிஞர்களும் ஜெலட்டின் விஷயத்தில் இந்த வழியையே எடுத்தார்கள். ஷாஃபி மத்ஹபில் இஸ்திஹாலாவின் வாசல் குறுகலானது. மது தானே காடியாவது போன்ற சிலவற்றை மட்டுமே ஏற்பார்கள். ஆனால் அதே மத்ஹபின் பெரும் இமாம் நவவி வேறொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். சுத்தமான மருந்து கிடைக்காதபோது, போதைப்பொருள் தவிர்த்த அசுத்தமான பொருளால் மருத்துவம் செய்துகொள்ளலாம். ஆக, பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இரண்டு மத்ஹபும் வேறு வேறு வழியில் போய் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. போலியோ சொட்டு மருந்துக்கோ இந்தப் பேச்சே தேவையில்லை, அதில் ஜெலட்டின் கிடையாது.

"நோய் வந்தால்தானே நிர்ப்பந்தம்? வராத நோய்க்கு ஏன் ஊசி?" என்பது அடுத்த கேள்வி. காலையில் ஏழு அஜ்வா பேரீச்சம்பழம் உண்டால் அன்று விஷம் தீண்டாது என்ற நபிமொழியை அறியாதவர் நம்மில் குறைவு. வருமுன் காப்பது மார்க்கத்துக்குப் புதிதல்ல என்று காட்ட அறிஞர்கள் எடுத்துக்காட்டுவதும் அதைத்தான்.

ஊசி எதற்கு, இறைவனை நம்பினால் போதும் என்று தவக்குல் பற்றிப் பேசுகிறவர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் பயணத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். ஹிஜ்ரி 18 வாக்கில் ஷாம் நாட்டில் கொள்ளைநோய். அங்கே போய்க்கொண்டிருந்த உமர் பாதி வழியிலேயே திரும்ப முடிவெடுத்தார். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று நபித்தோழர் அபூ உபைதா (ரலி) கேட்டார். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்பது உமரின் பதிலின் சாரம். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர், அங்கிருந்து வெளியேறவும் செய்யாதீர் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து சொன்னபோது உமரின் முடிவு உறுதிப்பட்டது.

நம் கரையிலேயே இதற்கு ஒரு நினைவிடம் உண்டு. ராமேஸ்வரம் ரயிலில் போகும்போது 'மண்டபம் முகாம்' என்று ஒரு நிலையம் வரும். இன்று இலங்கை அகதிகளின் முகாமாக அறியப்படும் அந்த இடம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களைச் சில நாள் தங்கவைத்து, நோய் உண்டா என்று பார்த்து, அம்மை குத்தி அனுப்பிய இடம். போகிற இடத்தாருக்கு நோயைக் கொண்டுபோகக் கூடாது என்பதே காரணம்.

என்னைக் கேட்டால் மார்க்க விவாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்பது ஃபிக்ஹின் (மார்க்கச் சட்டத்தின்) அடிப்படை விதிகளில் ஒன்று. நம் பாட்டிமார் மணல்வாரி என்று சொன்ன தட்டம்மை, தடுப்பில்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் கிருமி 2 மணி நேரம் வரை காற்றில் இருக்கும். 100 பேரில் 95 பேருக்காவது எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் பரவல் நிற்கும். 9 மாதம் ஆகாத குழந்தைக்கு வழக்கமாக இந்த ஊசி போடுவதில்லை, அதைக் காப்பது சுற்றியிருக்கும் பிள்ளைகள்தான். ரூபெல்லா இன்னும் மோசம். பிள்ளைக்கு லேசான காய்ச்சல், சிவப்புத் தடிப்பு, அவ்வளவோடு போய்விடும். அதே கிருமி பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்குத் தொற்றினால் பிறக்கும் குழந்தையின் கண்ணும் காதும் இதயமும் கெடலாம். "என் பிள்ளை, என் முடிவு" என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

இடையில் ஒன்று. தட்டம்மையையும் பெரியம்மையையும் தெளிவாகப் பிரித்து முதலில் நூல் எழுதியவர் அர்-ராஸி என்ற முஸ்லிம் மருத்துவர், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால். இந்த நோய் நமக்கு அந்நியமல்ல, இதை எதிர்த்த அறிவும் அந்நியமல்ல.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்களைப் பாருங்கள். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்று இல்லாமல் சவூதி அரசு விசா தருவதில்லை. பெரியவர்கள் யாரும் அதற்கு முகம் சுளிப்பதில்லை. கையை நீட்டிப் போட்டுக்கொண்டு துஆ கேட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். தாத்தாவுக்கு ஆகுமான ஊசி பேரனுக்கு மட்டும் ஏன் ஆகாது?

அரசுக்கும் ஒரு சொல். ஊசியில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழில் எழுதி, முகாமுக்கு முன்பே ஜமாஅத்தார் கையில் கொடுங்கள். வதந்தி கிளம்பிய பிறகு ஆலிம்களைத் தேடி ஓடுவதில் பயனில்லை.

தட்டம்மை–ரூபெல்லா முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். தவறவிட்டிருந்தால் 5 வயது வரை போடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைகளில் போடுகிறார்கள், காசு கிடையாது. தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து வெப்பத்தால் கெடவில்லை என்று பொருள். செவிலியரிடம் காட்டச் சொல்லிப் பாருங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.