செம்மறித் தோல் பூட்ஸ்: குளிருக்குக் கவசம், ஈரத்துக்கு இரை

ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் தென்கோடியில் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் குளிர்காலத்திலும் கடலில் இறங்கும் அலைச்சறுக்கு வீரர்கள் உண்டு. ஜூலை மாதத்தில் அந்தத் தண்ணீர் எலும்பு வரை குத்தும். கரையேறியவுடன் விறைத்துப்போன பாதங்களை நுழைத்துக்கொள்ள, 1960களில் அவர்கள் கையில் ஒரு பூட்ஸ் இருந்தது. செம்மறியாட்டுத் தோலை ரோமத்தோடு பதனிட்டு, ரோமம் உள்பக்கம் வரும்படி தைத்த எளிய காலணி. 'அக்' பூட்ஸ் என்று இன்று உலகம் அழைப்பது அதைத்தான்.

கடற்கரைக்கு வருவதற்கு முன்பே ஆட்டுரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் அது புழங்கியது. அதற்கும் முன்னால், முதல் உலகப் போரில், மேற்கூரையில்லாத விமானங்களில் பறந்த பிரிட்டிஷ் விமானிகள் தொடை வரை நீளும் செம்மறித் தோல் பூட்ஸை அணிந்தார்கள். அதை உருவாக்கிய பெருமை லேனோ ஹாக்கர் என்ற புகழ்பெற்ற போர் விமானிக்குத் தரப்படுகிறது.

கொட்டகை, விமானம், கடற்கரை. மூன்று இடத்திலும் அந்த பூட்ஸுக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: காலைச் சூடாக வைத்திருப்பது. அதைப் போட்டுக்கொண்டு உருகிய பனிச்சேற்றில் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லி அங்கே யாரும் கேட்கவில்லை. இந்தக் காலணி குளிர்காலத்துக்கு உதவுமா என்ற கேள்விக்கான பதில் பெரும்பாலும் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

முதலில் அதன் பலத்தைப் பார்ப்போம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளில், சுண்ணாம்பில் ஊறவைத்து ரோமத்தை நீக்குவது தொடக்கக் கட்ட வேலைகளில் ஒன்று. செம்மறித் தோல் பூட்ஸுக்கு இதற்கு நேர்மாறான வேலை. ரோமம் ஒன்றுகூட உதிராமல் தோலைப் பதப்படுத்த வேண்டும். அப்போதுதான் ஒரே தோலின் ஒரு பக்கம் மெத்தென்ற மேற்பரப்பாகவும், மறுபக்கம் அடர்ந்த ரோமமாகவும் நிற்கும். மெரினோ இன ஆட்டின் ரோமம் மிக மெல்லியது. மனிதத் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஒவ்வொரு இழையும் இயல்பாகவே சுருள்சுருளாக வளைந்திருப்பதால் இழைகளுக்கு நடுவே காற்று அசையாமல் தங்கிவிடுகிறது. காலைக் குளிரிலிருந்து காப்பது உண்மையில் அந்தக் காற்றுதான்.

காற்றைப் பிடித்துவைக்கும் வேலையை பாலியஸ்டர் பஞ்சும் ஓரளவு செய்யும். ஆனால் வியர்வை விஷயத்தில் அது கம்பளிக்குப் பக்கத்தில் வரமுடியாது. மூடிய காலணிக்குள் பாதம் ஓயாமல் வியர்க்கும். குளிர்நாடுகளில் பாதம் சில்லிட்டுப் போவதற்கு வெளிக்குளிர் ஒரு காரணம் என்றால் உள்ளே தேங்கும் வியர்வை இன்னொரு காரணம். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அப்படி ஈரத்தை வாங்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடுகிறது. தோலின் வழியாக அந்த ஈரம் மெல்ல வெளியேறவும் செய்யும். வெறுங்காலோடு அணிந்தால்தான் இந்தப் பலன் முழுமையாகக் கிடைக்கும். தடித்த பருத்திக் காலுறையை நடுவில் போட்டால் வியர்வையை அந்தத் துணியே பிடித்துவைத்துக்கொள்ளும்.

இனி பலவீனம். வெளிப்பக்கத்தில் இருப்பது மெருகிடாத, வெல்வெட் போன்ற தோல். தண்ணீர் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும். சூரியன் அடிக்கும், பனி பொடியாகக் கிடக்கும் உலர்குளிரில் இதனால் தொல்லை இல்லை. பூஜ்ய டிகிரியை ஒட்டி வெப்பநிலை ஏறி இறங்கும் நகரங்களில்தான் சிக்கல். தமிழர்கள் பெருமளவில் வாழும் டொரொண்டோவையே எடுத்துக்கொள்ளலாம். சாலையில் பனி உறையாமல் இருக்க அங்கே உப்பைத் தூவுகிறார்கள். பனி உருகி, உப்போடு கலந்து, கணுக்கால் வரை தெறிக்கும் சாம்பல் நிறக் குழம்பாகிவிடும். செம்மறித் தோல் அந்த உப்புநீரைக் குடித்துக் காய்ந்தால் வெள்ளைக் கறை கோடுகோடாகப் படியும், தோலும் விறைத்துப்போகும். ஈரம் உள்ளே இறங்கிவிட்டால் ரோமம் தேக்கிவைத்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். பிறகு சூடு எங்கிருந்து வரும்?

ரஷ்யர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டார்கள். செம்மறிக் கம்பளியை அடித்து இறுக்கிச் செய்யும் 'வாலென்கி' என்ற பூட்ஸை அவர்கள் கடும் உறைபனியில் அப்படியே அணிவார்கள். பனி உருகத் தொடங்கினால் மேலே ஒரு ரப்பர் உறையை மாட்டிக்கொள்வார்கள். கம்பளியின் எல்லையை அறிந்து அதை மதித்த ஏற்பாடு அது. இப்போது நீர் புகாத பூச்சும் ஆழமான பள்ளங்கள் வெட்டிய ரப்பர் அடிப்பாகமும் கொண்ட செம்மறித் தோல் பூட்ஸ்களும் கடைகளில் கிடைக்கின்றன. தெருவில் நடக்கத்தான் வாங்குகிறோம் என்றால் அந்த ரகத்தையே தேட வேண்டும். வழக்கமான ரகத்தின் இலேசான நுரை அடிப்பாகம் வழுக்கும் பனிக்கட்டியில் பிடிமானம் தராது. குதிகாலையும் பாதவளைவையும் தாங்கும் உறுதியும் அதில் குறைவு. நாள் முழுக்க நின்று வேலை செய்பவருக்கு அது ஏற்றதல்ல.

அழகு? இந்த பூட்ஸ் நாகரிகப் பொருளாக மாறிய கதை விசித்திரமானது. பிரையன் ஸ்மித் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 1978இல் கலிபோர்னியாவில் இதை விற்கத் தொடங்கினார். முதல் பருவத்தில் போனது 28 ஜோடிதான். மாடல்களை வைத்து எடுத்த விளம்பரங்கள் எடுபடவில்லை. நிஜமான இளம் அலைச்சறுக்கு வீரர்களைப் படம்பிடித்துப் போட்ட பிறகே விற்பனை சூடுபிடித்தது. 1995இல் டெக்கர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அவருடைய நிறுவனத்தை வாங்கியது. 2000இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரி தன் ஊழியர்களுக்காக 350 ஜோடி வாங்கினார். அதன்பின் குட்டைப் பாவாடையோடு இதை அணிவது ஒரு தலைமுறைப் பெண்களின் அடையாளமானது. அதை முன்பே பிரபலமாக்கியவர்களில் ஒருவரான நடிகை பமீலா ஆண்டர்சன், விலங்குகளின் பொருட்டு வருந்தி, 2007இல் அதைக் கைவிட்டார். விலங்குகளைப் பற்றிய அந்தக் கவலை இன்றும் செல்லுபடியாகும். இறைச்சிக்காக வளர்த்த ஆட்டின் தோல்தான் இது என்பது உண்மை. ஆனால் அந்தத் தோலுக்கும் ஒரு விலை கிடைக்கிறது என்பதும் உண்மை. அதை ஏற்பவர் தெரிந்தே ஏற்க வேண்டும்.

ஆஸ்திரேலியர்களுக்கோ இது இன்னமும் வீட்டுக்காலணி. சுவர்களில் குளிர்காப்பு போதாத வீடுகளில் காலையில் எழுந்ததும் மாட்டுவது. அதிகம் போனால் தெருமுனைக் கடை வரை போவது. அவர்களுடைய கணிப்பில் நியாயம் இருக்கிறது. தெருவில் அணிந்தால், முழங்கால் வரை தொளதொளவென்று நிற்கும் ரகம் காலைக் குட்டையாகக் காட்டும். நடையையும் இழுக்க வைக்கும். கணுக்காலோடு நிற்கும் குட்டை ரகம் வேறு. நேராக இறங்கும் ஜீன்ஸுக்கும் நீண்ட கம்பளிக் கோட்டுக்கும் கீழே அது உண்மையிலேயே பொருந்துகிறது. அண்மை ஆண்டுகளில் இளையவர்கள் விரும்புவது இதைத்தான். டெக்கர்ஸின் 'அக்' வணிகம் 2024 நிதியாண்டில் 220 கோடி டாலரைத் தாண்டியது.

வாங்குபவர் ரோமத்தை விரலால் பிரித்து அடியைப் பார்க்க வேண்டும். தோல் தெரிந்தால் அசல் செம்மறித் தோல். நெய்த துணி தெரிந்தால் ரோமத்தைத் தனியே துணியில் பதித்தது. 'அக்' என்ற பெயர் மட்டும் இதற்கு உத்தரவாதமாகாது. ஆஸ்திரேலியாவில் அது பொதுப்பெயர் என்பதால் எந்தத் தயாரிப்பாளரும் பயன்படுத்தலாம். பல நாடுகளில் அது ஒரே நிறுவனத்தின் வணிகக்குறி. அளவு கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். சில வாரங்களில் ரோமம் அமுங்கி இடம் தரும். முதல் நாளே தளர்வாக இருந்தால் பின்பு காலில் நிற்காது. நனைந்துவிட்டால் உள்ளே காகிதத்தைத் திணித்து நிழலில் காயவிட வேண்டும். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தோல் சுருங்கிக் கெட்டியாகும். அப்புறம் அதை மீட்க வழியில்லை.