ஜெராய் அடிவாரத்தில் கூடாரம் போடுகிறீர்களா? முதலில் மழையைக் கவனியுங்கள்

ஆகஸ்டு 31 தேசிய தினம், செப்டம்பர் 16 மலேசிய தினம். இரண்டில் ஒன்று வார விடுமுறையோடு ஒட்டி வந்தால் போதும், குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு தொடங்கிவிடும். யார் கூடாரம் கொண்டு வருவது, யார் அடுப்பு, கோழியை எங்கே ஊற வைப்பது? கெடாவில் இருப்பவர்களுக்கு ஜெராய் மலையடிவாரம்தான் பக்கம். யான் வட்டாரத்தில் தித்தி ஹாயூன், ஸ்ரீ பெரிகி, மறுபக்கம் மெர்போக்கில் துப்பா என்று அருவியும் ஆறுமாக இடங்களுக்குக் குறைவில்லை.

இந்த மாதங்களில் அங்கே போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கூடாரம் வாங்கக் காட்டும் அக்கறையில் பாதியையாவது வானத்தின் மீதும் காட்ட வேண்டும்.

2021 ஆகஸ்டு 18, புதன்கிழமை. மலையில் கொட்டிய கனமழை பாறையும் மரமும் சேறுமாகக் கீழே இறங்கியது. யான் வட்டாரத்தில் ஆறு பேர் உயிரிழந்தனர். வீடுகள், கடைகள், உல்லாசத் தலங்கள் பல சேதமடைந்தன. அடுத்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி பாலிங்கிலும் இதே போன்ற வெள்ளம் மூன்று உயிர்களைப் பறித்தது. மலாயில் இதை ‘கெப்பாலா ஆயர்’ என்கிறார்கள். ஆற்றின் மேற்பகுதியிலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம் இது.

மலை ஏன் மழையை இழுக்கிறது?

ஜெராய் 1,217 மீட்டர் உயரம். பக்கத்தில் வேறு மலைத்தொடர் இல்லை. ஒரு பக்கம் நெல்வயல், அதற்கப்பால் மலாக்கா நீரிணை. அந்தக் காலத்தில் கடாரத்துக்கு வந்த கப்பல்களுக்கு இந்த மலையே அடையாளம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது, பிற்பகலில் மழையாகக் கொட்டுகிறது. ஆகஸ்டு தொடங்கி மழை கூடிக்கொண்டே போகும். செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் கெடாவுக்கு ஆண்டிலேயே ஈரமான மாதங்களில் சேரும்.

மழை நின்ற பிறகு ஆறு மெதுவாகத்தானே ஏறும் என்று சிலர் நினைக்கிறார்கள். சமவெளி ஆறு அப்படித்தான். ஜெராயின் ஓடைகளோ குட்டையானவை, செங்குத்தானவை. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 2 கோடி லிட்டர் தண்ணீர். அதில் பெரும்பகுதி ஒரே பள்ளத்தில் சேர்ந்து இறங்குகிறது. வழியில் விழுந்து கிடக்கும் மரங்கள் அணைபோல் தடுத்து, பிறகு உடைந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே ஆபத்தானது நம் தலைமேல் பெய்யும் மழை மட்டும் அல்ல. நாம் வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும்போதே உச்சியில் மழை பெய்துகொண்டிருக்கலாம்.

‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால்?

வானொலியில் நாங்கள் படிக்கும் வரி இது: “ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை.” பலர் இதைக் கேட்டுவிட்டு, நம் இடத்தில் பெய்யாது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சமவெளியில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு சரியாகலாம். மலையடிவாரத்தில் தங்குபவர், அந்த ஓரிரு இடங்களில் ஒன்று தனக்கு மேலே உள்ள மலை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ‘மைசுவாச்சா’ செயலியைக் கைப்பேசியில் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் அறிகுறி இருந்தால் இடிமழை எச்சரிக்கை வரும். ஒவ்வோர் எச்சரிக்கையும் அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குத்தான் செல்லும். எனவே வியாழன் இரவு பார்த்தது வெள்ளி மாலைக்கு உதவாது. புறப்படும் முன், கூடாரம் போடும் முன், தூங்கப் போகும் முன் என மூன்று முறை பாருங்கள். முகாமில் தொலைபேசி அலை கிடைக்காவிட்டால், வீட்டில் இருக்கும் ஒருவரிடம் இடத்தின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இரவு வானம் தெளிவாக இருந்தாலும் கூடாரக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று, விடியலுக்கு முன்பே நம் மேற்குக் கரையைத் தாக்குவது உண்டு.

எங்கே போடுவது, எப்போது எழுந்து ஓடுவது?

ஆற்றோரத்து மணல்திட்டு பார்க்க அழகு, படுக்கவும் மெத்தென்று இருக்கும். அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே பழைய வெள்ளம்தான். மேட்டில், ஆற்றைக் கடக்காமல் சாலைக்குப் போகக்கூடிய இடத்தில் கூடாரம் போடுங்கள். காரை வெளியே போகும் திசையைப் பார்த்து நிறுத்துங்கள். செங்குத்தான மண்சரிவின் கீழும் வேண்டாம். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங்காலி முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தது மறக்கக்கூடியதா? உரிமம் உள்ள தளமா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் போக வேண்டுமென்றால் வனத்துறையின் அனுமதி தேவை. பழத்தோட்டத்து முகாமில் டுரியான் மரத்தடியையும் பட்டுப்போன கிளையின் அடியையும் தவிர்த்துவிடுங்கள்.

தெளிந்த நீர் திடீரென்று கலங்குகிறதா? இலையும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா? மேலேயிருந்து லாரி வருவதுபோல் உறுமல் கேட்கிறதா? நீர்மட்டம் சட்டென்று ஏறுகிறதா, அல்லது காரணமின்றி இறங்குகிறதா? இதில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேடேறுங்கள். ஆற்றின் போக்கிலேயே கீழே ஓடக்கூடாது. செருப்பும் சட்டியும் போனால் போகட்டும். இடி கேட்டால் கூடாரம் காப்பாற்றாது. காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 999.

பையில் என்ன?

தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று, பவர் பேங்க், விசில், தார்ப்பாய், உடுப்புகளுக்குத் தண்ணீர் புகாத பை, கொசு மருந்து, தாத்தா பாட்டி வந்தால் அவர்களுடைய மாத்திரைகள். சார்டின், மைலோ, மேகியை யாரும் மறக்கமாட்டார்கள். மழை பெய்கிறதே என்று கரி அடுப்பை மட்டும் கூடாரத்துக்குள் கொண்டு போகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

எலிச் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சலும் உண்டு. காலில் புண் இருப்பவர்கள் ஆற்றில் இறங்க வேண்டாம். உணவுக் கழிவைக் கட்டி எடுத்து வந்துவிடுங்கள், எலி வராது. திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பெரியவர்கள், மழை பெய்த காலையில் மரம் வெட்டப் போகமாட்டார்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் மரம் ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது. எச்சரிக்கை வந்த நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுவதும் அப்படித்தான். முன்பணம் போகலாம், பிள்ளைகள் கொஞ்சம் அழலாம். ஊற வைத்த கோழியை வீட்டு வாசலில் சுட்டுச் சாப்பிடலாம். ஜெராய் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.