நேரம் அறியும் நீலப்பச்சைப் பாசி

நெல் வயலில் தேங்கிய நீரில் படரும் பாசியை உழவர்கள் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நீலப்பச்சைப் பாசி நெல்லுக்கு நல்ல துணை. பாசி என்று அழைக்கப்பட்டாலும் இது ஒரு வகை பாக்டீரியாவே. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்ப்பது இதன் தொழில். வங்காள நெல் வயல்களில் ஆராய்ந்து இதனை 1939-இல் எடுத்துக்காட்டியவர் பி. கே. டே என்ற விஞ்ஞானி.

இத்தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கும்போது பிராணவாயு வெளிவருகிறது. தழைச்சத்தைப் பிடிக்கும் நொதியோ பிராணவாயு பட்டால் கெட்டுவிடும். அடுப்பையும் வைக்கோலையும் ஒரே இடத்தில் வைப்பது போன்றது இது. அனபீனா, நாஸ்டாக் இனங்கள் இதற்கெனத் தடித்த சுவருள்ள தனிச் செல்களை ஒதுக்குகின்றன. ஒற்றைச் செல்லாக வாழும் சில இனங்கள் பகலில் உணவு, இரவில் தழைச்சத்து என்று முறை வைத்துக்கொள்கின்றன. தைவான் நெல் வயலில் எடுத்த ஓர் இனம் இவ்வாறு செய்வது 1986-இல் தெரியவந்தது. பின்னர் தொடர்ந்து வெளிச்சத்திலேயே வைத்தும் முறை மாறவில்லை. அதன் உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது!

அக்கடிகாரத்தின் சக்கரங்கள் மூன்று புரதங்கள் என்பதை வேறோர் இனத்தில் 1998-இல் ஜப்பான், அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டனர். முதல் புரதம் தூண்ட, மூன்றாவதில் பாஸ்பேட் ஒட்டுகிறது. இரண்டாவது வந்து முதலாவதை மடக்க, பாஸ்பேட் கழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். வெயிலும் இருளும் நாள்தோறும் இதைச் சரிசெய்கின்றன.

பகலில் சேமித்த உணவே இரவு வேலைக்கு எரிபொருள். எனவே பாசிக்கு வெயிலும் நீரும் தேவை. நடவு செய்த 10-ஆம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ பாசித் தூளைச் சீராகத் தூவ வேண்டும். நீர் மெல்லிதாக நிற்க வேண்டும், வயல் காயக்கூடாது. எக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்து கிடைக்கக்கூடும். யூரியா மிகுந்தால் பாசி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மண் பரிசோதனைப்படி உரத்தை அளவாக இட வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டது குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அவ்வாறு உப்பேறிய கிணறு உள்ளவர்கள், நவரையானாலும் சம்பாவானாலும், முதலில் நீரைப் பரிசோதிக்க வேண்டும். உப்பு மிகுந்து நெல்லே தளர்ந்தால், பாசி சேர்க்கும் தழைச்சத்து அதற்கு ஈடாகாது. நீர் நன்றாக இருந்தால் ஒரு பாத்தியில் இட்டுப் பார்த்து, பயன் கண்டபின் வயல் முழுதும் இடலாம்.