வேலி முள்ளில் விளைந்த வியாபாரம்

சீ பக்தோர்ன் பழச்சாறும் அதன் எண்ணெய் சேர்த்த முகப்பூச்சும் வெளிநாட்டுக் கடைகளில் நல்ல விலைக்குப் போகின்றன. இக்கன்றை வரவழைத்து கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் நட்டால் என்ன என்று யோசிக்கும் வர்த்தகர்கள், காசைப் போடுமுன் செடியின் இயல்பை அறிந்து கொள்வது நல்லது.

இது முள் நிறைந்த புதர்ச் செடி. வெள்ளி நிற இலையும் செம்மஞ்சள் பழக்கொத்தும் கண்ணுக்கு அழகு. ஐரோப்பியக் கடற்கரைகளில் உப்புக் காற்றைத் தாங்கி வளர்கிறது. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை சென்ரிகிரேட் குளிரிலும் பட்டுப் போவதில்லை. வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதால் வளமற்ற மண்ணிலும் நிற்கும்.

நமக்கு அருகில் இது விளையும் இடங்களில் ஒன்று இந்தியாவின் லடாக். கடல் மட்டத்துக்கு மேல் 3000 மீற்றரையும் தாண்டிய இடம். அங்குள்ள லே நகரில் ஆண்டு மழை ஏறத்தாழ 100 மில்லிமீற்றர்தான். விவசாயிகளுக்கு இது வயல் வேலி, காய்ந்தால் விறகு. லேயிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வுகூடம் சாற்றைப் பதப்படுத்தும் முறையை உருவாக்கிக் கொடுத்தது. 2000களின் தொடக்கத்தில் 'லே பெரி' பானம் சந்தைக்கு வந்தது. 2023 இல் லடாக் பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சப்ரகமுவவுக்கு இது சரிவருமா? வராது. செடிக்கு நல்ல வெயிலும், நீர் தேங்காத மண்ணும், உறங்கிக் கிடக்க நீண்ட குளிர்காலமும் வேண்டும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நுவரெலியாவில்கூட உறைபனி சில இரவுகளுக்குத்தான். மேலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடி அருகில் இல்லாவிட்டால் பழமே இல்லை. அனுமதியின்றிக் கன்று கொண்டு வருவதற்கு 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் இடம் தராது.

ஆனால் லடாக்கின் பாடம் நமக்குப் பொருந்தும். அவர்கள் புதுச் செடி தேடவில்லை; வேலியில் நின்றதற்குப் பெறுமதி சேர்த்தார்கள். நம் வேலியில் நிற்கும் கிளிரிசீடியாவும் நைதரசன் தரும் மரமே. மிளகுக் கொடிக்குத் தாங்கு மரம், பசளைக்குத் தழை, ஆடு மாட்டுக்குத் தீனி, கொதிகலனுக்கு விறகு என அதற்குப் பல பயன்கள். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005 இல் அது அறிவிக்கப்பட்டது.

புதுக் கன்று விற்க வருபவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இது நம் மழையில் எங்கே காய்த்திருக்கிறது? விளைச்சலை வாங்குபவர் யார்? இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் முதல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.