கணிப்பொறிப் பெட்டிக்குப் புது வர்ணம்

மேசைக் கணிப்பொறியின் பெட்டியை நாம் எல்லோரும் 'சி.பி.யு.' என்று அழைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் சி.பி.யு. என்பது அந்தப் பெட்டிக்குள் ஏறத்தாழ ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் அமர்ந்து கணக்குப் போடும் சில்லின் பெயர். பெட்டிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இனி உரித்தெடுக்க முடியாது. சில்லை இன்னொரு நாள் பார்ப்போம். இப்போது பெட்டியையும், அதன்மேல் ஒட்ட வேண்டிய வர்ணத்தையும் பற்றிப் பேசுவோம்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பழைய பெட்டி ஒன்று இருந்தால் உற்றுப் பாருங்கள். வெண்மையாக இருந்த அதன் முகப்பு பழுத்த இலைபோல் மஞ்சளித்திருக்கும். பக்கத் தகடுகளில் கீறல்கள் இருக்கும். "இதற்கு ஒரு பூச்சு கொடுத்தால் என்ன?" என்று தோன்றும். வாசல் கேட்டுக்குப் பூசியதில் மிச்சமான எனாமல் பெயிண்ட் கால் டப்பா இருக்கிறது, பிரஷ்ஷும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசினால் திங்கட்கிழமை பெட்டி பளபளக்கும். ஆனால் சில மாதங்கள் கழித்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அவித்த உருளைக்கிழங்கின் தோல் போல வர்ணம் உரிந்து வரும். அதே டப்பாவிலிருந்து பூசிய இரும்புக் கேட்டோ வெயிலையும் மழையையும் தாங்கி ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. ஒரே வர்ணம், ஒரே பிரஷ், ஒரே கை. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

வர்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

தகட்டின் மேல் ஒரு தோல்

பெட்டியின் உட்புறத்தில் வர்ணம் பூசாத இடம் சாம்பல் வெள்ளி நிறத்தில் மங்கலாகத் தெரியும். காந்தத்தை வைத்தால் ஒட்டும். ஆகவே அது எஃகு. ஆனால் அந்த நிறம் எஃகுக்கு உரியதன்று. எஃகின் மேல் மின்முலாம் பூசப்பட்ட துத்தநாகத்தின் நிறம். தகட்டின் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரை இருக்கும். துத்தநாகப் படலமோ சில மைக்ரான்கள்தாம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. (காந்தம் ஒட்டவில்லையா? அப்படியானால் உங்கள் பெட்டி அலுமினியத்தால் ஆனது.)

எனாமல் பெயிண்டின் பிசின் 'ஆல்கிட்' வகையைச் சேர்ந்தது. எண்ணெயிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலங்களை எஸ்டராகப் பிணைத்து இதைச் செய்கிறார்கள். எஸ்டருடன் காரம் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்புத் தயாரிக்கும் பாடத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். துத்தநாகத்தின் மேல் ஈரம் படும்போது இலேசான காரத்தன்மை உண்டாகிறது. வர்ணப் படலத்தின் ஊடே மெல்ல மெல்லப் புகும் ஈரமே இதற்குப் போதும். உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிசின், சிறுகச் சிறுகத் துத்தநாகச் சோப்பாக மாறிவிடுகிறது. மேலே வர்ணம் உறுதியாகவே இருக்கிறது; அதற்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு சோப்புப் படலம்! உரியாமல் என்ன செய்யும்? கேட்டில் துத்தநாகம் இல்லை; அதனால் அங்கே இந்தத் தொல்லையும் இல்லை.

கடையில் போய்க் கேட்டால் "இரும்புக்கா? ரெட் ஆக்சைடு வாங்கிப் போ" என்பார்கள். வெற்று இரும்புக்கு அது நல்ல யோசனை. ஆனால் வழக்கமான ரெட் ஆக்சைடும் ஆல்கிட் பிசினில் குழைத்ததே. துத்தநாகத்தின் மேல் அதற்கும் அதே கதிதான்.

"அப்படியானால் துத்தநாகத்தையே தேய்த்து எடுத்துவிடலாமே" என்று சிலர் உப்புத்தாளுடன் உட்கார்ந்துவிடுவார்கள். இது அதைவிடக் கெடுதல். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும் உலோகம். தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. அதனால்தான் முலாம் பூசிய வாளியில் கீறல் விழுந்தாலும் உடனே துரு ஏறுவதில்லை. அந்தக் காவலனை நாமே விரட்டலாமா? 400 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை இலேசாகத் தேய்த்தால் போதும்.

அதன்பின் பூச வேண்டியது 'எட்ச் பிரைமர்' எனப்படும் அடிப்பூச்சு. இதில் சிறிதளவு பாஸ்பாரிக் அமிலம் உண்டு. அது துத்தநாகத்துடன் வினைபுரிந்து துத்தநாகப் பாஸ்பேட்டாகிறது. பூச்சு உலோகத்தைக் கவ்விக்கொள்கிறது. அலுமினியப் பெட்டிக்கும் இதுவே ஏற்றது. ஒரு காலத்தில் விமானங்களின் அலுமினியத் தகடுகளுக்கு மஞ்சள் பச்சை நிறத்தில் துத்தநாகக் குரோமேட் அடிப்பூச்சு கொடுப்பார்கள். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது என்று பின்னர் தெரிந்தது. அப்படி ஒரு பழைய டப்பா எங்கேனும் கிடைத்தால் திறக்காமல் விட்டுவிடுங்கள்.

பெட்டியின் வெளிப்புறம் தொழிற்சாலையிலேயே வர்ணம் பூசப்பட்டிருந்தால் வேலை எளிது. நிலைமின்னேற்றம் தந்த வர்ணப் பொடியைத் தகட்டின் மேல் தூவி, 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் உருக்கி ஒட்ட வைத்த பூச்சு அது. நம் எந்தப் பூச்சையும்விட அது உறுதியானது. சுரண்டி எடுக்க வேண்டாம். இலேசாகத் தேய்த்து அதன்மேலேயே பூசலாம்.

பிளாஸ்டிக் முகப்பு

முகப்பு பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக். அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்ற மூன்றும் சேர்ந்தது. பியூட்டாடையீன் பகுதியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளை ஒளியின் உதவியோடு ஆக்சிஜன் தாக்குவது மஞ்சளாவதற்கு ஒரு முக்கியக் காரணம். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவிப் புற ஊதாக் கதிர் படும்படி வைத்தால் மஞ்சள் வெளுக்கிறது என்று 2008-இல் பழங்கணிப்பொறி ஆர்வலர்கள் கண்டார்கள். ஆனால் அந்த வெண்மை நிலைப்பது உறுதியில்லை. செறிந்த பெராக்சைடு தோலையும் சுடும். எனக்கு வர்ணமே மேல் என்று படுகிறது.

இங்கே எதிரி கரைப்பான். கார்ப் பட்டறைகளில் 'டூக்கோ' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது 1923-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் வர்ணத்தின் வணிகப் பெயர். அதற்குமுன் ஒரு காருக்கு வர்ணம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ அதைச் சில மணி நேரமாகச் சுருக்கிவிட்டது. எனாமல் காய்வதற்கு எண்ணெய் ஆக்சிஜனுடன் வினைபுரிய வேண்டும். டூக்கோ காய்வதற்குக் கரைப்பான் ஆவியானால் போதும். ஆனால் இந்த வேகமான தின்னர் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையும் கரைக்கக்கூடியது. நெயில் பாலிஷ் அகற்றும் அசிட்டோன் ஒரு துளியை முகப்பின் உட்புறத்தில் விட்டுப் பாருங்கள். அந்த இடம் இளகிப் பிசுபிசுக்கும். ஆகவே முகப்பைத் துடைக்கத் தின்னர் வேண்டாம்; சோப்பு நீரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் போதும். பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் அடிப்பூச்சைக் கொடுத்து, அதன்மேல் அக்ரிலிக் ஸ்பிரே வர்ணம் பூசலாம்.

எனாமலுக்கு மேல் தின்னர் கலந்த வர்ணம் பூசினால் அடியிலிருப்பது உப்பிச் சுருங்கும். முதியவர் கைத்தோல் போல் மடிப்பு விழும். அடிப்பூச்சு முதல் மேற்பூச்சு வரை ஒரே வகையாக வாங்குவது இதற்காகத்தான்.

கருப்பு வர்ணம் பெட்டியைச் சூடாக்குமா?

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எழும் கேள்வி இது. வெயிலில் நிற்கும் கார் என்றால் ஆம். ஆனால் அறைக்குள் இருக்கும் பெட்டியின் வெப்பம் உள்ளிருந்து வருவது. அகச்சிவப்புக் கதிராக வெளியேறுவது. அந்த அலைநீளங்களில் வெள்ளை வர்ணமும் கருப்பு வர்ணமும் ஏறக்குறைய ஒன்றே. அலுமினியத் துகள் கலந்த வெள்ளி நிறம் மட்டும் கொஞ்சம் குறைவாக வெளிவிடும். அதுவும் பெரிய கணக்கில்லை. வெப்பத்தின் பெரும்பகுதியை விசிறிதான் காற்றோடு வெளியே தள்ளுகிறது. ஆகவே பிடித்த நிறத்தைப் பூசுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பளபளப்பான வர்ணம் கண்ணாடி போல் ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். பழைய தகட்டுக்கு மங்கல் வர்ணமே நல்லது.

நீர் சொல்லும் சாட்சி

தேய்த்த பாகத்தைக் கழுவியபின் அதன்மேல் சுத்தமான நீரை ஊற்றிச் சாய்த்துப் பிடியுங்கள். நீர் ஒரே படலமாக வழிந்தால் பரப்பு சுத்தம். தாமரை இலையில் போல முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பசை இருக்கிறது; நீர் விலகும் அதே இடத்தில் வர்ணமும் விலகிக் குழி விழும். இது ஆய்வுக்கூடங்களிலும் செய்யும் சோதனை. இதில் தேறியபின் பாகத்தை விரலால் தொடக் கூடாது. விரலிலும் எண்ணெய் உண்டு.

ஸ்பிரே டப்பாவில் வர்ணத்தை முதன்முதலில் அடைத்தவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்டு சீமோர், ஆண்டு 1949. அறைகளைச் சூடேற்றும் ரேடியேட்டர்களுக்கான அலுமினிய வர்ணத்தைச் செய்து காட்டவே அவர் அதை உருவாக்கினார். இப்போது டப்பாவுக்குள் உந்துவாயுவாக இருப்பது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் போன்றவை. அதாவது, நம் சமையல் வாயு! ஊதுவத்தி, விளக்கு, அடுப்பு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. துணி முகமூடி துளிகளைத் தடுக்கும். கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்குச் செயலூட்டிய கரி நிரப்பிய முகமூடி வேண்டும். நிழலான திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் உடனிருக்கப் பூசுங்கள். இரண்டு புட்டிகளைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் வார்னிஷை மட்டும் தொட வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும். மழை ஈரம் மிகுந்த நாளையும் தவிர்த்துவிடுங்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து வர்ணம் வெளுத்துவிடும்.

டப்பாவை 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். இன்னும் தூரம் போனால் துளிகள் வழியிலேயே காய்ந்து பரப்பு மணல் போலாகும். மிக நெருங்கினால் வழியும். ஏன் இவ்வளவு எளிதில் வழிகிறது தெரியுமா? செங்குத்துப் பரப்பில் வழியும் திரவத்தின் அளவு, படலத்தின் தடிமனுடைய மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. தடிமன் இரு மடங்கானால் வழிவது எட்டு மடங்கு! ஒரே பூச்சில் முடித்துவிட நினைப்பவர் இயற்பியலோடு மோதுகிறார். மெல்லிய பூச்சுகளாக மூன்றோ நான்கோ கொடுங்கள். இடைவெளி எவ்வளவு என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும்.

எங்கே பூசக் கூடாது?

முதலில் பெட்டி முற்றிலும் காலியாக இருக்க வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் உலோகத் தூள் மின்சுற்றில் விழுந்தால் குறுக்கு இணைப்பு ஏற்படும். மின்வழங்கியை அப்படியே திருகுகளோடு வெளியே எடுத்து வையுங்கள். அதன் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் இருக்கும்.

பொத்தான்களின் பக்கங்களிலும் பூச வேண்டாம். நம் பூச்சுகள் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானின் இரு பக்கம், துளையின் இரு பக்கம், மொத்தம் 0.4 மில்லிமீட்டர் இடம் போய்விட்டது. அழுத்திய பொத்தான் மேலே வராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, உலோகம் உலோகத்தைத் தொடும் இடங்கள். வர்ணம் ஒரு மின்காப்பு. மூன்று முனைச் செருகியின் பெரிய முனை வழியாக வரும் நில இணைப்பு, மின்வழங்கியின் உறையிலிருந்து திருகுகள் மூலம் பெட்டிக்கு வருகிறது. அந்தத் தொடர்பு அறுந்தால், உள்ளே கசிவு ஏற்படும் நாளில் மின்சாரம் நிலத்துக்குப் போக வழியின்றிப் பெட்டியிலேயே நிற்கும். தொடுபவர் வழியே இறங்கும். மூடியின் விளிம்பிலுள்ள சிறு உலோக நாக்குகளும் அப்படித்தான். 1836-இல் ஃபாரடே செய்து காட்டிய கூண்டைப் போல, பெட்டி மின்காந்த அலைகளை உள்ளேயே அடக்கி வைக்கிறது. நாக்குகள் வர்ணத்தின் மேல் அமர்ந்தால் அந்த இடுக்கு அலைகள் கசியும் வழியாகிவிடும். திருகுத் துளைகள், தாய்ப்பலகை அமரும் முனைகள், மின்வழங்கி பொருந்தும் பின்தகடு, நாக்குகள் தொடும் விளிம்பு ஆகிய எல்லாவற்றையும் பூசுமுன் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

வர்ணம் கைக்கு ஒட்டாததால் காய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முகர்ந்து பாருங்கள், வாசனை வரும்வரை கரைப்பான் வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறது. எனாமலானால் ஒரு வாரமாவது விடுங்கள். பிறகு எல்லாவற்றையும் பொருத்தி, மின்கம்பியைச் சுவரில் செருகாமல், பெட்டியில் மட்டும் இணையுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைச் செருகியின் நில முனையிலும் மறுமுனையைப் பெட்டியின் வர்ணமற்ற ஒரு திருகிலும் தொடுங்கள். ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டவில்லையானால் மின்வழங்கியின் திருகுகளைக் கழற்றி, அவற்றின் அடியில் படிந்த வர்ணத்தைச் சுரண்டிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள்; அதன்பிறகே சுவரில் செருகுங்கள்.