குளோவர் மேய்ந்த செம்மறிகள்

மாத்தளையில் ஆடு வளர்ப்போர் கிளிறிசீடியாக் கிளையையும் முள்முருக்கிலையையும் ஒடித்துப் போடுவதை நாம் நாடோறும் காண்கின்றோம். மிளகுக்கொடிக்குத் தாங்குமரமாய் நின்று, மண்ணுக்கு நைதரசனும் ஊட்டும் இவை அவரையினத்தன. அவ்வினத் தழை எதுவும் நன்மையே செய்யுமென எண்ணுதல் இயல்பு. மேற்கு அவுஸ்திரேலிய விவசாயிகளும் அவ்வாறே எண்ணினர்.

வளங்குன்றிய தம் நிலங்களில் அவர்கள் ஒருவகைக் குளோவரை விதைத்தனர். நிலக்கடலைபோற் காயை மண்ணுட் புதைக்குஞ் செடி அது. மேய்ச்சல் செழித்தது, ஆனால் 1940களில் குட்டிகள் அருகின. பெட்டைகள் சினைப்படவில்லை, சினைப்பட்டவையும் ஈனுங்கால் இடர்ப்பட்டன, சிலவற்றின் கருப்பை வெளித்தள்ளிற்று. கடாவோடு சேராத பெட்டைகளும், விந்தகம் நீக்கிய ஆண்களுங்கூடப் பால் சுரந்தமை பெருவியப்பு! 1946இல் பென்னற்ஸ், அண்டர்வூட், சியர் என்னும் மூவர் இக்கேட்டுக்குக் குளோவர் மேய்ச்சலே காரணமென ஆய்ந்து வெளியிட்டனர்.

முதலிற் பழி ஜெனிஸ்ரீன் என்னும் பொருள்மீது விழுந்தது. அதுவோ ஆட்டின் முதலிரைப்பையிலேயே சிதைந்து வலியிழப்பது. உண்மைக் குற்றவாளி போமனோனெற்றின். தன்னளவில் வலிகுன்றிய இதனை இரைப்பை நுண்ணுயிர்கள் ஈக்குவோல் ஆக்குகின்றன. அது குருதியிற் கலந்து, ஈஸ்திரஜன் ஓமோன் பொருந்தும் இடங்களிற் சென்று பொருந்துகின்றது.

இயற்கையில் வேட்கைக் காலத்தை ஒட்டியே சூலகத்தின் ஈஸ்திரஜன் பெருகும். அக்குறிப்பறிந்து மூளை கபச்சுரப்பியைத் தூண்ட, லூட்டினாக்கும் ஓமோன் பொங்கி, முட்டை வெளிப்படும். இரவுபகலாய்ப் பொய்க்குறிப்பு வந்துகொண்டிருந்தால் இவ்வொழுங்கு குலையுமன்றோ? மேய்ச்சலை மாற்றினாற் சில வாரங்களில் இக்குலைவு நீங்கும். பல பருவம் மேய்ந்த பெட்டைக்கோ மீட்சியில்லை. அதன் கருப்பைக் கழுத்தின் இழையமே மாறி, சளி நீர்த்து, விந்து மேலேற இயலாது போகின்றது. வேட்கை வரும், கடாவோடுஞ் சேரும். கரு மட்டும் தங்காது. பார்வைக்குக் குறையற்ற மந்தையைக் கொண்டு ஆண்டுகளை வீணாக்கிய இடையனின் துயரம் நாம் எண்ணத்தக்கது. பசுக்களின் உடலிலும் ஈக்குவோல் உண்டாயினும், அவை இத்தகைய நிலையான மலட்டுக்கு ஆளாதல் அரிது.

போமனோனெற்றின் மிகுந்த துவால்கனப் முதலிய வகைகளை விடுத்து, அது குறைந்த புதுவகைகளை அங்கு உருவாக்கினர். பச்சைக் குளோவரிலேயே அப்பொருள் மிகுதி. உலர்ந்தால் பெரிதுங் குறையும். ஆதலின் சினைக்குரிய பெட்டைகளைப் பசுமைக் காலத்தில் வேறிடத்தில் மேய்ப்பதும் வழக்கமாயிற்று.

இதுகொண்டு நம் முள்முருக்கையோ கிளிறிசீடியாவையோ பழித்தல் தகாது. செடிக்குச் செடி பொருள் வேறுபடும். நம்மூரில் ஆடு சினைப்படாவிடின் கடாவின் நலம், தீனியின் அளவு, வயிற்றுப்புழு இவற்றை முதற்கண் ஆராய்க. அவற்றிற் குறையில்லையெனின், இட்ட தழையின் பெயரையும் கால்நடை வைத்தியரிடங் கூறுக.