எதிர்பார்ப்பைக் கணக்கிடும் மாதிரிகள்

ஒரு நாட்டின் பொருளாதாரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பெரிய மாதிரிகளில் எளிதில் பிடிபடாத பகுதி, மனிதர்களின் எதிர்பார்ப்பு. செலவு கூடும் என்று நினைக்கும் உற்பத்தியாளர் இன்றே விலையை ஏற்றுகிறார். பத்தாண்டுக் கடன் பத்திரத்தின் வட்டியும், அந்தப் பத்தாண்டில் குறுகிய கால வட்டி எப்படி இருக்கும் என்ற கணிப்பைப் பெரிதும் சார்ந்தது.

பழைய மாதிரிகள் கடந்தகால விலைகளின் சராசரியையே எதிர்பார்ப்பாக வைத்துக்கொண்டன. மக்களின் கணிப்பு மாதிரியின் கணிப்போடு பொருந்த வேண்டும் என்றார் ஜான் மூத் (1961). கொள்கை மாறினால் கணிக்கும் முறையும் மாறும், பழைய தொடர்புகள் நிலைக்காது என்றார் ராபர்ட் லூக்கஸ் (1976). வரலாறு இவ்வளவு போதும்.

அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் 1996 முதல் பயன்படுத்தும் எஃப்ஆர்பி-யுஎஸ் மாதிரியில் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், பணவீக்கம், வட்டி, உற்பத்தி ஆகியவை இதுவரை நகர்ந்த விதத்தை வைத்து மக்கள் கணிக்கிறார்கள். இரண்டாவதில், மாதிரி எதைக் கணிக்கிறதோ அதையே மக்களும் எதிர்பார்க்கிறார்கள்.

அழகு இரண்டாவதில்தான். நாளை என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் இன்றைய முடிவு கிடைக்கும்; இன்றைய முடிவு தெரியாமல் நாளையைக் கணக்கிட முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்க ரே ஃபேரும் ஜான் டெய்லரும் 1983இல் ஒரு முறை தந்தார்கள். எதிர்காலத்துக்கு ஏதோ ஒரு பாதையை ஊகித்துச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். விடையாக வரும் பாதையை அடுத்த ஊகமாக இட்டு மறுபடி தீர்க்க வேண்டும். ஊகமும் விடையும் ஒன்றாகும்வரை இது தொடரும்.

தீபாவளிப் பேருந்துக் கூட்டத்தில் இதைக் காணலாம். முந்தின நாள் இடம் கிடைக்காது என்று எல்லோரும் நினைத்தால் அதற்கும் முந்தின நாளே கிளம்புவார்கள். நெரிசல் அங்கே போய்விடும். அதையும் யோசித்தவர்கள் மறுபடி நாளை மாற்றுவார்கள். இனி யாருக்கும் நாள் மாற்றத் தேவையில்லை என்ற நிலையில் கணிப்பும் கூட்டமும் ஒன்றாகின்றன. முதல் வழிக்காரர்கள் போன வருடக் கூட்டத்தை வைத்து நாள் குறிப்பவர்கள். கூடுதல் பேருந்து விடப்போவதாக அறிவித்தாலும் அவர்கள் திட்டம் மாறாது. அந்தப் பேருந்துகள் ஓடி, கூட்டம் குறைந்ததைக் கண்ட பிறகே மாறும்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டளவில் நிற்பதல்ல. 2013 நடுப்பகுதிவரையாவது வட்டி மிகக் குறைவாகவே இருக்கும் என்று 2011 ஆகஸ்டில் ஃபெடரல் ரிசர்வ் அறிவித்தது. முதல் வழியில் இத்தகைய வாக்குறுதிக்குத் தனி வலு இல்லை. இரண்டாவதில் எல்லோரும் அதைக் கேட்கிறார்கள், நம்புகிறார்கள், அன்றே நடந்துகொள்கிறார்கள். முழு முன்னறிவை அடிப்படையாகக் கொண்ட மாதிரிகள் இத்தகைய அறிவிப்புகளுக்கு நம்ப முடியாத அளவு பெரிய விளைவைக் காட்டுவதை மார்கோ டெல் நெக்ரோவும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் சுட்டிக்காட்டினார்கள். அறிவிப்பு ஒன்றே பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்திவிடும் என்ற பேச்சை ஐயத்தோடுதான் கேட்க வேண்டும்.

எனவே கலப்பு முறையும் உண்டு: நிதிச் சந்தைக்கு முன்னறிவு, குடும்பங்களுக்கும் நிறுவனங்களுக்கும் கடந்தகால அனுபவம். எந்தக் கலப்பு என்பதை மாதிரியை இயக்குபவரே தேர்ந்தெடுக்கிறார். ஒரே கொள்கைக்கு வெவ்வேறு விடைகள் வர அந்தத் தேர்வே போதும். கணிப்பை வெளியிடுவோர் அதையும் சேர்த்துச் சொல்வதே முறை.